ஓடையில் அன்று பாதை இல்லை

தம்பி,

நீயும் மருமகளும் கிளம்பிப் போய் இன்றோடு நாலு நாள் ஆகிறது. வளைகாப்புக்குக் கட்டிய வாழை இன்னும் வாசலில் வாடிக்கொண்டு நிற்கிறது. அவிழ்க்க மனமில்லை, சோம்பல் என்று வேண்டுமானாலும் வைத்துக்கொள். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. முப்பது வருஷமாக ரோடும் பாலமும் போட்டவன் எழுதிய காகிதமெல்லாம் ‘மேற்படி வேலை முடிக்கப்பட்டது’ என்றுதான் முடியும். போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை உன்னைக் கூப்பிட்டேன். நீ “சொல்லுங்கப்பா” என்றதும், மாங்காய் ஊறுகாய் கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அறுபத்தைந்து வயதில் உன் அப்பன் ஊறுகாயைப் பற்றி விசாரிக்கக் கோயம்புத்தூருக்கு இரண்டு தடவை போன் போட்டானே, இந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு என்று நீ நினைத்திருப்பாய். அதைத்தான் எழுதப் போகிறேன். உட்கார்ந்து படி.

கிளம்புகிற அன்று நீ ஆக்டிங் டிரைவரோடு சேர்ந்து டிக்கியில் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாய். மருமகள் கை நிறைய வளையலோடு என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மாமா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீயளே? இவிய ஏன் வண்டியே ஓட்ட மாட்டேங்காவ? போன மாசம் வரைக்கும் நான்தான் ஓட்டுனேன். இவிய பக்கத்துல உக்காந்து ரோட்டையே பாத்துக்கிட்டு வருவாவ” என்றாள். நான் யோசிக்கவே இல்லை. “அது ஒண்ணுமில்ல தாயி, சின்னதுலயே அவனுக்கு வண்டின்னா பயம்” என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். பதினெட்டு வயதில், தளவாய்புரத்தில் நான் போட்ட ரோடு ஆறிய மறுநாள், ஒரு மாட்டுவண்டிகூடப் போவதற்கு முன்னால் என் ஜீப்பை எடுத்துக்கொண்டு பறந்தவன் நீ. உனக்கா பயம்! அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள். “பயமில்ல மாமா. நான் கேட்டுட்டேன். ‘நான் ஓட்டுனா நேரத்துக்குப் போய்ச் சேர மாட்டோம்’னாவ.” சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நான் வாழை மரத்தைப் பார்த்தேன். அதற்குள் நீ கூப்பிட்டுவிட்டாய்.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் அம்மா நம்மை விட்டுப் போன அன்று ஓடையில் பாதை இல்லை. நீ கண்ணால் பார்த்தது சரி. பாதை தண்ணீருக்கடியில் கிடந்திருக்கும் என்று நான் சொன்னது பொய். தெரிந்தே சொன்ன பொய். பதினோரு வருஷமாக நீ சுமந்துகொண்டிருக்கிற பழி உன்னுடையது இல்லை, என்னுடையது. எப்படி என்னுடையது என்று இனி முழுசாகச் சொல்கிறேன். நடுவில் நிறுத்திவிடாதே. நிறுத்தினால் நான் தப்பித்துக்கொள்வேன்.

உன் அம்மா என் தொழிலை எவ்வளவு கேலி செய்வாள் என்று உனக்கு நினைவிருக்கும். ராஜபாளையத்துக்குப் பஸ்ஸில் போகும்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கினால் போதும், பக்கத்துச் சீட்டுக்காரர்களுக்குக் கேட்கிற மாதிரி, “ஆத்தாடி, இடுப்பு போச்சே, இது எந்தப் புண்ணியவான் போட்ட ரோடு?” என்பாள். போட்டவன் நான்தான் என்று தெரிந்தேதான் கேட்பாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். வீட்டில் அவள் பேச்சுக்கு நான் பதில் பேசியதே கிடையாது. வெளியிலோ என் பேச்சுக்கு யாரும் பதில் பேச முடியாது. இந்த இரண்டாவது பழக்கம்தான் நம்மைக் கெடுத்தது.

நம் வீட்டுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் செண்பகத்தோப்பு மலையிலிருந்து இறங்கி வருகிற ஓடையின் பழைய பாலத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிற வேலை எனக்குக் கிடைத்தது. நம் ஊர்ப் பாலத்தை நம் கையாலேயே கட்டப்போகிறோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பாலத்தை இடித்தால் வேலை முடிகிறவரை ஜனங்கள் போய்வர ஓடைக்குள்ளேயே ஒரு மாற்றுப்பாதை போட்டுத் தர வேண்டும். சிவில் படித்த உனக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் என் வாயால் வரட்டும். தண்ணீர் போக சிமெண்ட் குழாய்களை வரிசையாகப் படுக்க வைத்து, மணல் மூட்டை அடுக்கி, மேலே கிராவல் மண் கொட்டிக் கெட்டிப்படுத்த வேண்டும். அந்த ஓடைக்கு நாலு வரிசைக் குழாய் என்று திட்டத்திலேயே எழுதியிருந்தது. நான் இரண்டு வரிசை போட்டேன்.

மேஸ்திரி மாடசாமி என்னோடு இருபது வருஷம் இருந்தவன். அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். “அண்ணாச்சி, நாலு போடணும்லா. மலையில ஒரு மழை பேஞ்சா இது நிக்காது.” நான் சொன்னது இன்னும் என் காதில் கேட்கிறது. “ஏலே, ரெண்டு மாசத்துல பிடுங்கிப் போடப்போற பாதைல இது. இதுக்கு எதுக்குல நாலு வரிசை? கல்யாணத்துக்கு வந்தவன் பந்தலைப் பாத்தா போதும், பந்தக்காலையா தோண்டிப் பாப்பான்?” வேலைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற காரியம்தான் இது. பாலத்துக்கு ஒரு கம்பி குறைந்தாலும் நான் ராத்திரி தூங்க மாட்டேன். மாற்றுப்பாதை என்றால் மட்டும் எங்களுக்கெல்லாம் கை சுருங்கிவிடும். எப்படியும் அழியப்போகிற வேலைதானே என்கிற இளக்காரம். அதன்மேல் போகிறவர்கள் மெய்யான மனிதர்கள் என்பது மறந்துபோகும்.

மீதிக் குழாய்கள் எங்கே போயின என்று நீ கேட்பாய். இதைத்தான் எழுத முடியாமல் நாலு நாளாகக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நம் மாந்தோப்புக்குள் போக வாய்க்காலைத் தாண்ட வேண்டுமல்லவா? உன் அம்மா வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். “ஊருக்கெல்லாம் பாலம் போட்டுக் குடுக்கீய. நான் மட்டும் சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு வாய்க்கால்ல எறங்கணுமாக்கும்” என்பாள். லாரியில் குழாய்கள் வந்து இறங்கியபோது அந்தப் பேச்சு ஞாபகம் வந்தது. அதிலிருந்து எடுத்து வாய்க்காலில் போட்டு, மேலே சிமெண்ட் பூசி, ஓரத்தில் அவள் கை பிடிக்க ஒரு கம்பியும் நட்டுவைத்தேன். அவள் முதல் தடவை நடந்தபோது நடுவில் நின்று காலை ஓங்கித் தட்டிப் பார்த்தாள். “பரவால்லையே, குலுக்கலையே” என்றாள். என் தொழிலை அவள் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று உனக்கு எப்படிச் சொல்வேன்? இந்தக் கையால் அவளுக்கு ஒரு பாலம் போட்டேன். அதே கையால்தான் அவள் போகிற வழியையும் பறித்தேன்.

அப்போது நீ மூன்றாம் வருஷ லீவில் வந்திருந்தாய். மாங்காய் இறக்குகிற சமயம். நான் காலையிலேயே தளவாய்புரத்தில் காங்கிரீட் போடுகிற இடத்துக்குப் போய்விட்டேன். இங்கே ஒரு சொட்டு மழை இல்லை, வெயில் கொளுத்தியது. மதியத்துக்கு மேல் மலைமேல் கறுத்தது. மாடசாமி போன் பண்ணினான். “அண்ணாச்சி, ஓடையில திடீர்னு தண்ணி வந்துட்டு. டைவர்சன் பாதை அடிச்சுட்டுப் போயிட்டு. குழாயெல்லாம் உருண்டு கீழ கெடக்கு.” நான், “சரி, தண்ணி வடியட்டும், ஜேசிபிய அனுப்புதேன்” என்று சொல்லிவிட்டுக் காங்கிரீட்டைப் பார்க்கத் திரும்பிவிட்டேன். அந்த நேரத்தில் உன் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தோப்பில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. நம் வீட்டில் அப்போது போனுக்கு டவர் கிடைக்காது. நீ அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஓடைக்கு வந்தாய். அங்கே பாதை இல்லை. நீ வண்டியைத் திருப்பி, கண்மாய்க்கரை வழியாக, ஆட்டுமந்தையை விலக்கி விலக்கிச் சுற்றிப் போனாய். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது அவள் உன் சட்டையைப் பிடித்திருந்த கை நழுவிவிட்டது என்று பிறகு நர்ஸ் சொன்னார்.

நான் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர், “இன்னும் கொஞ்சம் முன்னால…” என்று தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். டவுனில் இருந்த உன் சித்தப்பா, உன் மாமா, சந்தைக்கு வந்திருந்த ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். அந்தப் பாதிச் சொல்லை எல்லோரும் கேட்டார்கள். இன்னும் சற்று நேரத்தில் யாராவது ஒருவர், ஏன் லேட்டாச்சு என்று கேட்பார், அந்தக் கேள்வி ஓடைக்குப் போகும், ஓடையிலிருந்து குழாய்க்குப் போகும் என்று என் புத்தி கணக்குப் போட்டது. மனைவி உள்ளே கிடக்கும்போது ஒரு மனிதனின் புத்தி இப்படியும் வேலை செய்யுமா? செய்தது. நான் உன்னைப் பார்த்துத்தான் கத்தினேன். “ஏலே, எதுக்குல சுத்திப் போன?” உன் சட்டை முன்பக்கமெல்லாம் அவள் வாந்தி. எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. அதற்காகத்தான் கத்தினேன்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூட, துக்கத்தில் கத்திவிட்டேன் என்று என்னை நானே ஏமாற்றியிருக்கலாம். நான் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடிக்குத் தனியாகப் போய் மாடசாமிக்குப் போன் போட்டேன். “தளவாய்புரத்துல இருக்க குழாயையும் ஏத்திட்டு வரச்சொல்லு. நாலு வரிசை போடு. துட்டிக்கு ஆளுக வாரதுக்குள்ள பாதை சரியா இருக்கணும்.” அவன், “மதினி எப்படி இருக்காவ அண்ணாச்சி?” என்று கேட்டான். நான் போனை வைத்துவிட்டேன். தண்ணீர் வந்த வேகத்தில் வடிந்துவிட்டது. மாலைக்குள் ஜேசிபி வேலையை முடித்துவிட்டது. உன் அம்மாவை அந்தப் பாதை வழியாகத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

வண்டி ஓடையில் இறங்கும்போது நீ அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாய். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாய். பாதை முழுசாக, கெட்டியாகக் கிடந்தது. நீ எட்டி இன்னொரு தடவை பார்த்தாய். “அப்பா, இங்க ரோடு இல்லையேப்பா. நான் வரும்போது இல்லையே” என்றாய். குழந்தை மாதிரிக் கேட்டாய். ஒரே ஒரு வார்த்தை, ‘ஆமா, இல்லை’ என்று நான் சொல்லியிருந்தால் போதும். “தண்ணிக்குக் கீழ கெடந்திருக்கும்ல. வடிஞ்சதும் தெரியுது” என்றேன். நீ என்னை நம்பினாய். உன் கண்ணை நம்பவில்லை. பாலம் கட்டுகிறவன் சொன்னால் ஓடையைப் பற்றித் தப்பாகவா சொல்வான்? மறுநாள் துட்டிக்கு, துக்கம் விசாரிக்க, வந்தவர்கள் எல்லோரும் அதே பாதையில்தான் வந்தார்கள். “பாதை நல்லாத்தானே இருக்கு. புள்ள பதறிட்டான். செத்த நேரம் நின்னிருந்தா தண்ணி வடிஞ்சிருக்கும், நேரா போயிருக்கலாம்” என்று உன் காது கேட்கவே பேசினார்கள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

மாடசாமி பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் வேலையை விட்டுவிட்டான். “அந்தப் புள்ள மூஞ்சியப் பாக்க முடியல அண்ணாச்சி. இங்க இருந்தா என்னைக்காவது சொல்லிருவேன். சொல்ல வேண்டியது நீங்க” என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டு, சரி போ என்றேன். பாலத்தை முடித்தேன். திறப்பு விழாவில் எனக்கு மாலை போட்டார்கள். இன்றுவரை அதில் ஒரு விரிசல் கிடையாது, பஸ் போனால் ஒரு குலுக்கல் கிடையாது. நீ படிப்பை முடித்தாய், ஆனால் கட்டட வேலைப் பக்கமே போகாமல் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்துகொண்டாய். பையனுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது என்று ஊரில் சொல்லிவைத்தேன். உன் கல்யாணத்துக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு தடவை உன்னை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் மலைக்கோயிலுக்குக் கூட்டிப்போனேன், ஞாபகம் இருக்கிறதா? படியேறும்போது மூச்சு வாங்குகிறது என்று நடுவில் உட்கார்ந்தேனே, மூச்சு ஒன்றும் வாங்கவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நீ விசிறிவிட்டாய், தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தாய். இப்படிப்பட்ட பிள்ளையை இழக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. பெருமாளைப் பார்க்காமலேயே திரும்பிவிடலாம் என்று நான் சொன்னபோது, நீ என் உடம்புக்குத்தான் பயந்தாய்.

எல்லாவற்றையும்விட என்னை அறுத்தது வளைகாப்புக்கு மறுநாள். நான் தோப்பில் மரத்துக்குப் பின்னால் கருகிய கிளையை வெட்டிக்கொண்டிருந்தேன். நீ மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்து வாய்க்கால் பாலத்தில் உட்காரவைத்தாய். நான் இருப்பது உங்களுக்குத் தெரியாது. “இது எங்கம்மா நடக்கிறதுக்காக எங்கப்பா போட்டது. ஊரெல்லாம் பாலம் போட்டாருல்லா, அதுல இதுதான் எங்கம்மாவுக்குப் பிடிச்ச பாலம்” என்று பெருமையாகச் சொன்னாய். அந்தப் பெண் சிமெண்டை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். ஓங்கிக் கத்தி அழ வேண்டும் போலிருந்தது. அழவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. நீங்கள் போகிறவரை மரத்துக்குப் பின்னாலேயே, சொந்தத் தோப்பில் திருட வந்தவனைப் போல நின்றேன்.

கடிதம் என்றால் அப்பன் பிள்ளைக்கு நாலு புத்தி சொல்ல வேண்டும். எனக்கு அந்த யோக்கியதை இல்லை, ஒன்று மட்டும் சொல்கிறேன். செய்த தப்பை அன்றைக்கே சொல்லிவிடு. மறுநாள் என்று தள்ளினால், அதை மூட இன்னொன்று செய்ய வேண்டிவரும். நான் முதலில் செய்தது அலட்சியம். இரண்டாவது பயம். மூன்றாவதாகச் செய்தேன் பார், உன் கண்ணையே உனக்குப் பொய்யாக்கியது, அதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உன் அம்மாவைக் கொன்றது மழையா, நெஞ்சுவலியா, என் இரண்டு வரிசைக் குழாயா என்பதைக் கடவுள் தீர்மானிக்கட்டும். உன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றது நான்தான், அதில் சந்தேகமே இல்லை.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். அன்று ஜேசிபி டிரைவர் என்னிடம் தனியாகச் சொன்னான். பாதை இருந்த இடத்தில் தண்ணீர் வடிந்த பிறகும் ஓராள் ஆழத்துக்குப் பள்ளம் கிடந்ததாம். நீ அரை மணி நின்றிருந்தாலும் கார் போயிருக்காது. தண்ணீரோடு இறக்கியிருந்தால் உங்கள் இருவரையும்தான் நான் தேடியிருப்பேன். மாற்றுப்பாதை இல்லை என்று பார்த்து, பதறாமல் திருப்பி, கண்மாய்க்கரையில் கார் போகுமா என்று யோசித்து ஓட்டினாயே, இருபது வயதில் அதைவிடச் சரியாக யாரும் செய்திருக்க முடியாது. அன்று நம் குடும்பத்தில் சரியாக நடந்துகொண்டவன் நீ ஒருவன்தான்.

இதைப் படித்த பிறகு நீ என்னைத் திட்டலாம், பேசாமல் இருக்கலாம், பிறக்கப்போகிற பிள்ளையை என் கண்ணில் காட்டாமலும் இருக்கலாம். சித்தப்பாவிடமும் மாமாவிடமும் நேற்றே நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். மாமா, “இத இப்பச் சொல்லுதீயளே” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே எழுந்து போய்விட்டார். காப்பிகூட வரவில்லை, அதுதான் நியாயம். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிற தைரியமும் எனக்கு இல்லை. ஒரே ஒரு காரியம் மட்டும் எனக்காக இல்லாவிட்டாலும் அந்தப் பெண்ணுக்காகச் செய். அவளுக்கு வலி எடுத்தால் டிரைவருக்குப் போன் போட்டுக்கொண்டு நிற்காதே. வண்டியை நீ எடு. போகிற வழியில் எங்கேயாவது பாதை இல்லை என்று உன் கண்ணுக்குத் தெரிந்தால், அங்கே பாதை இல்லைதான். இருக்கிறது என்று யார் சொன்னாலும், நானே வந்து சொன்னாலும், நம்பாதே. திருப்பிக்கொண்டு சுற்றிப் போ.